முற்றுகைக்குள் ஒரு முதியவர்: அலிஜா இஸ்ஸத் பெகோவிச்சின் தலைமைத்துவம்

தலைமைத்துவம் என்ற சொல் நமது பாடசாலைகளில் இப்போது மிகவும் மலிந்துவிட்டது. மாணவர் தலைவர்களுக்கு ஒரு கருத்தரங்கு, அதிபர்மாருக்கு ஒரு செயலமர்வு, ஆசிரியர்களுக்கு வார இறுதியில் இன்னுமொன்று. வளவாளர் வருவார். திரையில் சுருட்டோடு சேர்ச்சில் தோன்றுவார், அடுத்து நெப்போலியன், அதற்கடுத்து யாராவதொரு பெரிய கம்பனியின் முதலாளி. கைதட்டல், தேநீர், சான்றிதழ். இவ்வமர்வுகள் பலவற்றில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் என்ற வகையில் எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அங்கே காட்டப்படுவோர் எல்லோரும் வென்றவர்களாகவே காட்டப்படுகிறார்கள். (நெப்போலியன் கடைசியில் தோற்றுத் தீவொன்றில் கிடந்து மரணித்ததை வளவாளர்கள் சொல்வதில்லை.) வெற்றியில் முடிந்த வாழ்க்கையைப் பின்னாலிருந்து வாசித்தால் அதில் எல்லாமே பாடமாகத்தான் தெரியும். வெல்லவும் முடியாமல், தோற்கவும் சம்மதிக்காமல், அரைகுறையான ஒரு சமாதானத்தில் கையொப்பமிட்டு வீடு திரும்பிய தலைவனிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கடினமான வேலை. பொஸ்னியாவின் முதல் ஜனாதிபதி அலிஜா இஸ்ஸத் பெகோவிச்சை நான் எடுத்துக்கொள்வது அந்தக் கடினத்துக்காகத்தான்.

அவரது பெயரை நமது சஞ்சிகைகள் அலிஜா என்றே எழுதிப் பழகிவிட்டன. அந்நாட்டார் நாவில் அது அலியா. இஸ்ஸத் பேக்கின் வழிவந்தவர் என்பது குடும்பப் பெயரின் பொருள். 1992இல் அவரது பெயர் செய்திகளில் அடிபடத் தொடங்கியபோது நான் பாடசாலை மாணவன். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஜும்ஆவுக்குப் பிறகு பொஸ்னியாவுக்காகத் துஆ கேட்கப்பட்டது. ஆமீன் சொல்லிவிட்டு வந்து வகுப்பறைச் சுவரிலிருந்த உலகப் படத்தில் தேடினோம். அப்படி ஒரு நாடு அதில் இல்லை; யூகோஸ்லாவியா என்ற ஒன்றே இருந்தது. பின்னர் ஆசிரியர் கலாசாலை விடுதியில், பலர் கைபட்டு அட்டை கழன்ற ஆங்கிலப் பிரதி ஒன்றில்தான் ‘கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில் இஸ்லாம்’ என்ற அவரது நூலை வாசித்தேன். அதில் தத்துவ ஆசிரியரைக் கண்டேன். போர்க்காலத் தலைவரைப் புரிந்துகொள்ள மேலும் பல ஆண்டுகள் சென்றன.

அக்குடும்பத்தின் கதை இடப்பெயர்விலிருந்து தொடங்குகிறது. பெல்கிரேட்டில் வாழ்ந்த முஸ்லிம்கள் 1860களில் அந்நகரை விட்டு வெளியேற நேர்ந்தபோது, அவர்களில் ஒரு பகுதியினருக்காக உஸ்மானிய அரசு சாவா ஆற்றங்கரையில் ஒரு குடியேற்றத்தை அமைத்தது. சுல்தான் அப்துல் அஸீஸின் பெயரால் அது அஸீஸியா எனப்பட்டது. இன்றைய பொஸன்ஸ்கி ஷமாட்ஸ் அதுதான். 1925 ஓகஸ்ட் 8இல் அலிஜா அங்கே பிறந்தார். அதே பெயர் கொண்ட அவரது பாட்டனார் அந்த ஊரின் நகர பிதாவாக இருந்தவர். 1914இல் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டதும் சேர்பியர்கள் மீது ஆட்சியாளரின் பழிவாங்கல் தொடங்கிற்று. அவ்வேளை பிடித்துவைக்கப்பட்ட நாற்பது சேர்பியர்களைப் பாட்டனார் தலையிட்டுக் காப்பாற்றினார் என்று சொல்லப்படுகிறது. முப்பது வருடம் கழித்து, 1944இல், இளைஞன் அலிஜா சேர்பிய செட்னிக் ஆயுதக் குழுவிடம் அகப்பட்டபோது, அந்த நாற்பது பேரின் நன்றிக்கடன்தான் அவரை உயிரோடு திரும்பச் செய்தது என்றும் சொல்வார்கள். பாட்டன் செய்த நன்மை பேரனின் கழுத்தைக் காப்பாற்றிய கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர், அயலவனை வெறுப்பதில் அவசரப்பட மாட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

அவரது இளமை முழுக்க அரசியலும் எழுத்தும் சிறையுமாகக் கழிந்தது. ‘இளம் முஸ்லிம்கள்’ அமைப்பில் இருந்ததற்காக டிட்டோவின் ஆட்சி 1946இல் மூன்று வருடச் சிறை விதித்தது. வெளியே வந்து சட்டம் படித்தார். நிர்மாண நிறுவனங்களில் சட்ட ஆலோசகராக வேலை பார்த்தார். 1970இல் ‘இஸ்லாமியப் பிரகடனம்’ என்ற சிறுநூலை எழுதிச் சுற்றுக்கு விட்டார். அது அந்நேரம் பெரிதாகப் பேசப்படவில்லை. பதின்மூன்று வருடங்கள் கழித்து, டிட்டோவும் மறைந்த பின்னர், ஆட்சியாளர் அதைத் தூசு தட்டி எடுத்தனர். 1983இல் பதின்மூன்று முஸ்லிம் புத்திஜீவிகள் மீது சரயேவோவில் வழக்கு நடந்தது. ஐம்பத்தெட்டு வயது அலிஜாவுக்குப் பதினான்கு வருடச் சிறை.

போச்சாவிலிருந்த சிறையில் அவர் ஐந்து வருடங்களுக்கும் மேல் இருந்தார். அங்கே சிறு சிறு தாள்களில் குறிப்புகள் எழுதினார். மதம், கலை, நாவல்கள், மனிதனின் அச்சம், ஆட்சியாளரின் பொய் என்று எதைப் பற்றியும் இரண்டு மூன்று வரிகள். அவை வெகு காலத்துக்குப் பிறகு, 1999இல், ‘சுதந்திரத்துக்கு என் தப்பியோட்டம்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தன. பிள்ளைகள் சிறைக்கு எழுதிய கடிதங்களும் அதன் பின்னிணைப்பில் உள்ளன. அவர் உள்ளே இருக்கையில்தான், 1984இல், ‘கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில் இஸ்லாம்’ அமெரிக்காவில் வெளியாயிற்று. தன் முக்கியமான நூல் அச்சாகி வருவதைச் சிறையிலிருந்து கேள்விப்படும் எழுத்தாளனின் மனநிலை எப்படியிருந்திருக்கும்! மீண்டெழும் வலிமை என்று செயலமர்வுகளில் சொல்கிறார்களே, அது அவரிடம் ஆவேசமாக இருக்கவில்லை. நாளொன்றுக்கு இரண்டு வரி எழுதும் பழக்கமாக இருந்தது. 1988 நவம்பரில் விடுதலையானார். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. நமது நாட்டில் அரசாங்க உத்தியோகத்தர் ஓய்வு பெற்று, காணி பூமியைப் பார்த்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளை மதரஸாவுக்குக் கூட்டிச்செல்லும் வயது.

அந்த வயதில் அவர் கட்சி தொடங்கினார். 1990 மே மாதம் ஜனநாயகச் செயற்பாட்டுக் கட்சி உருவானது. அவ்வருட நவம்பரில் தேர்தல். பொஸ்னியாவை ஏழு பேர் கொண்ட ஜனாதிபதி சபை ஒன்றே ஆண்டது: முஸ்லிம்கள் இருவர், சேர்பியர் இருவர், குரோஷியர் இருவர், ஏனையோர் சார்பில் ஒருவர். உண்மையில் முஸ்லிம்களில் கூடுதல் வாக்கு எடுத்தவர் பிக்ரத் அப்டிச் என்ற வர்த்தகப் பிரமுகர். ஆனாலும் சபைக்குத் தலைமை அலிஜாவுக்கு வந்தது. 1991 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 43.5 வீதம், சேர்பியர் 31.2 வீதம், குரோஷியர் 17.4 வீதம். எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அக்கணக்கெடுப்பில் ‘முஸ்லிம்’ என்பது மதத்தின் பெயர் மட்டுமல்ல, இனத்தின் பெயரும் கூட. ஒரு பெயர் இரண்டு சுமையையும் தூக்குவதன் சங்கடத்தை இலங்கை வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1993 செப்டெம்பரில், முற்றுகைக்குள்ளேயே கூடிய ஒரு பேரவைதான் ‘பொஸ்னியாக்’ என்ற பழைய பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டது.

யூகோஸ்லாவியா உடைந்தபோது அலிஜாவின் முன் இருந்த தெரிவுகள் எல்லாமே கெட்டவை. சேர்பியத் தலைவர் மிலோசெவிச்சின் கையில் எஞ்சும் நாட்டில் சிறுபான்மையாகத் தங்கலாம். அல்லது சுதந்திரம் கேட்டுப் போரை எதிர்கொள்ளலாம். 1991 ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் வைத்து சேர்பியக் கட்சித் தலைவர் ரடோவன் கராட்ஜிச், சுதந்திரத்தின் பாதை முஸ்லிம்களை அழிவுக்கு இட்டுச்செல்லக் கூடும் என்று பகிரங்கமாகவே மிரட்டினார். ஏன் நாங்கள் பிரிய விரும்புகிறோம் என்பதை இந்தப் பேச்சே விளக்குகிறது என்ற கருத்தில் அலிஜா அமைதியாகப் பதில் சொன்னார். 1992 பெப்ரவரி 29, மார்ச் 1 ஆகிய நாட்களில் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. சேர்பியர் பெரும்பாலும் புறக்கணித்தனர். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் சுதந்திரத்தை ஆதரித்தனர்.

அவரது மிகப் பெரிய தவறு இங்கேதான் நிகழ்ந்தது என்பது எனது அபிப்பிராயம். போர் வராது என்று அவர் நம்பினார். போருக்கு இரண்டு பக்கம் வேண்டும், நாங்கள் சண்டைக்கு வரப்போவதில்லையே என்ற தர்க்கம் அவருடையது. நிம்மதியாகத் தூங்குங்கள் என்று மக்களுக்கு அவர் கூறியது இன்றும் சரயேவோவில் கசப்போடு நினைவுகூரப்படுகிறது. மறுபக்கத்தில் பீரங்கிகள் மலைகளுக்கு ஏறிக்கொண்டிருந்தன. நாட்டை இன அடிப்படையில் மாகாணங்களாக்கும் ஐரோப்பியத் திட்டமொன்றுக்கு அவ்வருட மார்ச்சில் சம்மதித்துவிட்டுப் பிறகு பின்வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. பிற்காலத்தில் அவரோடு பேச்சு நடத்திய வெளிநாட்டு இராஜதந்திரிகள் பலர், முடிவெடுக்கத் தயங்குபவர் என்றே அவரை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் தன் கையெழுத்தால் ஒரு கிராமம் எதிரிப் பக்கம் போகும் என்று தெரிந்த மனிதன் தயங்காமல் வேறென்ன செய்வான்?

1992 ஏப்ரல் 6இல் ஐரோப்பிய சமூகம் பொஸ்னியாவை அங்கீகரித்தது. அதே நாட்களில் சரயேவோ முற்றுகைக்குள்ளானது. மே 2ஆம் திகதி லிஸ்பனில் பேச்சுவார்த்தை முடிந்து திரும்பிய அலிஜாவின் விமானம் சரயேவோவில் இறங்கியதும், விமான நிலையத்தைக் கைப்பற்றியிருந்த யூகோஸ்லாவிய இராணுவம் அவரையும் உடன் வந்த மகள் ஸபீனாவையும் பிடித்துவைத்தது. நாட்டின் ஜனாதிபதி எங்கே என்று எவருக்கும் தெரியாது. அப்போது விமான நிலைய அலுவலகத் தொலைபேசி மணியடித்தது. விமானம் பற்றி விசாரிக்க யாரோ ஒரு பெண் எடுத்த அழைப்பு அது. தான் சிறைப்பட்டிருப்பதை வெளியே அறிவிக்கும்படி அந்த அந்நியப் பெண்ணிடமே ஜனாதிபதி கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அன்றிரவு சரயேவோத் தொலைக்காட்சி செய்தி வாசிப்பாளர் ஒருவர் நேரடி ஒளிபரப்பிலேயே ஜனாதிபதியையும், இராணுவத் தளபதியையும், ஜனாதிபதி சபை உறுப்பினர்களையும் தொலைபேசியில் இணைத்துப் பேசவைத்தார். நாடு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, தான் இல்லாத வேளையில் பொறுப்பு எஜுப் கானிச்சிடம் இருக்கும் என்று அலிஜா சொன்னார். குரல் உயரவில்லை. சிறை அவருக்குப் பழகிய இடம்.

மறுநாள், நகருக்குள் சிக்கியிருந்த யூகோஸ்லாவியத் தளபதி குக்கான்யாட்ஸுக்கும் அவரது படையினருக்கும் வழிவிடுவதற்கு ஈடாக ஜனாதிபதியை விடுவிப்பது என்று ஏற்பாடாயிற்று. அவர்களுக்குப் பாதுகாப்பு என்று அலிஜா உறுதி கொடுத்தார். ஆயினும் டொப்ரோவொல்யாச்கா வீதியில் வைத்து வாகனத் தொடரை நகரின் பாதுகாவலர்கள் இடைமறித்துச் சுட்டனர். படையினர் கொல்லப்பட்டனர்; எத்தனை பேர் என்பதில் இன்றும் இணக்கமில்லை. சுட வேண்டாம் என்று அங்கே நின்று கத்தியவர் ஜொவான் டிவ்யாக். பிறப்பால் சேர்பியர், பொஸ்னியப் படையின் பிரதித் தளபதி. தலைவன் கொடுத்த வாக்கைத் தலைவனின் ஆட்களே மீறிய அந்த நாள் அலிஜாவின் ஆட்சியில் ஒரு கறை. அதை மறைத்து அவரது புகழைப் பாடுவோர் அவருக்கு நன்மை செய்யவில்லை.

முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. சுற்றிலும் மலை, நடுவே பள்ளத்தில் நகரம். தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் துண்டிக்கப்பட்டன. பூங்கா மரங்கள் விறகாயின, பிறகு தளபாடங்கள், அதற்கும் பிறகு புத்தகங்கள். 1993 ஜூலை 22 அன்று ஒரே நாளில் 3,777 எறிகணைகள் விழுந்ததாகக் கணக்கு உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1991 செப்டெம்பரில் யூகோஸ்லாவியா முழுவதற்கும் விதித்த ஆயுதத் தடை, ஆயுதம் ஏராளமாக வைத்திருந்த தரப்பைப் பாதிக்காமல், இல்லாத தரப்பின் கையைக் கட்டிற்று. விமான நிலைய ஓடுபாதைக்குக் கீழே ஏறத்தாழ 800 மீற்றர் நீளத்தில் தோண்டப்பட்ட சுரங்கம் 1993 ஜூலை இறுதியில் திறந்தது. உயரமான ஒருவர் அதில் நிமிர்ந்து நடக்க முடியாது. மாவு, மருந்து, துப்பாக்கி, காயப்பட்டோர் எல்லாம் அதன் வழியேதான். முதியவர் அலிஜாவை ஒரு கதிரையில் இருத்தித் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கதிரை அங்குள்ள நூதனசாலையில் இருக்கிறது. ‘டெடோ’, அதாவது பாட்டா, அப்பா என்று படையினர் அவரை அழைத்ததற்கு அந்தக் கதிரையைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இலக்கிய வாசகர்களுக்காக ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1992 மே 17இல் சரயேவோவின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் எறிகணைக்கு இலக்காகி எரிந்தது. அறபு, பாரசீகம், துருக்கி மொழிகளிலான 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் அங்கே இருந்தன. அவற்றோடு ‘அரெபிட்ஸா’வில் எழுதப்பட்டவையும் இருந்தன. பொஸ்னிய மொழியை அறபு எழுத்தில் எழுதும் முறைக்குத்தான் அப்பெயர். நமது முன்னோர் தமிழை அறபு எழுத்தில் எழுதி அறபுத்தமிழ் என்றார்களல்லவா, அதே காரியத்தை ஐரோப்பாவின் ஒரு மலைநாட்டு முஸ்லிம்களும் செய்திருக்கிறார்கள். மாலையும் மஸ்அலாவும் அறபுத்தமிழ்ப் பிரதிகளில் செல்லரித்துப் போவதைப் பார்த்திருக்கும் நமக்கு அந்த நெருப்பின் சூடு சற்று அதிகமாகவே தெரியும். மூன்று மாதம் கழித்து, ஓகஸ்ட் 25 இரவு, தேசிய நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 15 இலட்சம் நூல்களில் மிகப் பெரும்பகுதி சாம்பல். குண்டுகளுக்கிடையே மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மீட்டது சொற்பமே. காஸி ஹுஸ்ரெவ் பேக் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளை மட்டும் அதன் ஊழியர்கள் பெட்டி பெட்டியாக இடம் மாற்றி இடம் மாற்றிக் காப்பாற்றிவிட்டார்கள்.

இதில் தலைவனின் பங்கு என்ன என்று கேட்கலாம். நேர்மையாகச் சொன்னால், மிகக் குறைவு. நகரைத் தாங்கியவர்கள் பெயர் தெரியாத மனிதர்கள். ‘ஒஸ்லொபொஜெனியே’ பத்திரிகையின் கட்டடம் நொறுக்கப்பட்ட பின்னும் சேர்பியர், குரோஷியர், முஸ்லிம் ஊழியர்கள் ஒன்றாக நிலவறையிலிருந்து அதை நாள்தோறும் வெளியிட்டார்கள். சிகரட் தொழிற்சாலை ஓயவில்லை. சுற்றக் கடதாசி இல்லாதபோது அச்சடித்த பழைய தாள்களில் சுற்றி விற்றார்கள். ஆசிரியர்கள் தூரத்துப் பாடசாலைக்குப் போக முடியாததால் தத்தம் குடியிருப்பிலேயே, நிலவறைகளிலும் மாடிப்படிகளிலும், அயல் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்தினார்கள். மாடிப்படியில் மேல் படியில் ஆசிரியர், கீழ்ப் படிகளில் பிள்ளைகள். வகுப்பறைக்கு மின்விசிறி இல்லை என்று முறைப்பாடு எழுதும் நாங்கள் அதை ஒருமுறை மனக்கண்ணில் கொண்டுவந்து பார்க்கலாம். தலைவர் செய்தது ஒன்றுதான்: அவர் நகரை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டுத் தலைநகரொன்றில் அரசாங்கம் அமைத்துக்கொண்டு அறிக்கை விடும் வசதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போவார், திரும்பி அதே பள்ளத்துக்குள் வருவார்.

இன்னொன்றையும் அவர் விடாப்பிடியாக வைத்திருந்தார். சேர்பிய உறுப்பினர்கள் இருவர் மலைக்கு மறுபக்கம் போனதும் ஜனாதிபதி சபையின் அந்த ஆசனங்களுக்கு முஸ்லிம்களை நியமிக்கவில்லை. மிர்கோ பெஜனோவிச், டட்யானா லியுயிச் மியாடோவிச் என்ற இரு சேர்பியர்கள் பின்னர் அவ்விடங்களுக்கு வந்தார்கள். எறிகணை அடிப்பவனும் சேர்பியன், பக்கத்தில் உட்கார்ந்து அதே எறிகணைக்கு அஞ்சுபவனும் சேர்பியன் என்ற உண்மையைச் சபையில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருப்பது இலேசான காரியமல்ல. தன் கட்சிக்குள்ளேயே அதை விரும்பாதோர் இருந்தனர்.

நகருக்குள் நடந்த கொடுமைகளும் உண்டு. காட்ஸோ என்ற பட்டப்பெயர் கொண்ட முஷான் டொபலோவிச் நகரைக் காத்த படைப்பிரிவொன்றின் தளபதி. அவனது ஆட்கள் சரயேவோவிலேயே வாழ்ந்த பொதுமக்களை, பெரும்பாலும் சேர்பியர்களை, பிடித்துச் சென்று கொன்று கஸானி என்ற மலைப் பள்ளத்தில் எறிந்தார்கள். டிவ்யாக் இதைப் பற்றி 1993இல் ஜனாதிபதிக்கு எழுதினார். நடவடிக்கை அவ்வருட ஒக்டோபர் 26இல்தான் வந்தது. முற்றுகைக்கு நடுவில், சொந்தப் படையின் ஒரு பகுதிக்கு எதிராகவே அரசு ஆயுதம் தூக்கிற்று. பொலிஸார் பலர் உயிரிழந்தனர், காட்ஸோவும் கொல்லப்பட்டான். தாமதம் மன்னிக்கத்தக்கதா என்று சரயேவோ மக்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என் பார்வையில், எதிரி வாசலில் நிற்கும்போது ‘நம்மவன்’ செய்யும் கொலையைக் கொலை என்று சொல்லத் துணிந்ததுதான் அவரது போர்க்காலச் செயல்களில் பெரியது. பிந்திச் செய்தார் என்பதும் அதே அளவு உண்மை. வெளிநாடுகளிலிருந்து வந்து சேர்ந்த போராளிகள் விடயத்தில் அந்த உறுதி அவரிடம் காணப்படவில்லை. அவர்கள் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறியதற்காக அவரது படைத் தளபதி ரஸீம் டெலிச் 2008இல் ஹேக் தீர்ப்பாயத்தில் தண்டிக்கப்பட்டார்.

1993இல் குரோஷியப் படையும் எதிரியாயிற்று. நவம்பர் 9இல் மொஸ்டார் நகரின் பழைய பாலம் அவர்களது எறிகணையில் நொறுங்கி ஆற்றில் விழுந்தது. நான்கு மாதம் கழித்து, 1994 மார்ச்சில், வொஷிங்டனில் வைத்து அதே தரப்போடு அலிஜா சமாதானம் செய்தார். பாலத்தின் கற்கள் ஆற்றுக்குள் கிடக்க, இடித்தவனோடு கைகுலுக்குவது எந்தத் தலைவனுக்கும் புகழ் தராது. ஆனால் இரு முனைப் போரில் ஒரு முனை அடங்கியது.

பின்னர் ஸ்ரெப்ரெனிட்ஸா. ஐக்கிய நாடுகள் சபை ‘பாதுகாப்புப் பிரதேசம்’ என்று பிரகடனம் செய்த அந்த ஊர் 1995 ஜூலை 11இல் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டனர். சர்வதேச நீதிமன்றங்கள் அதை இனப்படுகொலை என்று தீர்ப்பளித்துள்ளன. மிலாடிச்சும் கராட்ஜிச்சும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். ஆனால் ஸ்ரெப்ரெனிட்ஸாவின் தாய்மாரில் சிலர் அலிஜாவையும் விடவில்லை: எங்களுக்கு ஏன் உதவி வரவில்லை, எங்கள் தளபதி ஏன் முன்கூட்டியே வெளியே எடுக்கப்பட்டார்? மனம் நிறையும் பதில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சுமையோடுதான் எழுபது வயது மனிதர் அவ்வருட நவம்பரில் அமெரிக்காவின் டேய்ட்டன் விமானப்படைத் தளத்துக்குப் போனார். அதற்கு முன்னர் பொஸ்னிய, குரோஷியப் படைகள் முன்னேறிக்கொண்டிருந்தன; இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் பன்யா லூக்கா வரை போயிருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. வல்லரசுகள் அதற்கு விடவில்லை. இருபத்தொரு நாட்கள், மூடிய வளாகம், எதிரே மிலோசெவிச், பக்கத்தில் துட்ஜ்மன். சொந்தக் குழுவுக்குள்ளேயும் பிளவு. முடிவில் கிடைத்தது ஒரே நாடு. அதற்குள் இரு பகுதிகள். 51 வீதம் முஸ்லிம் குரோஷியர் கூட்டாட்சிக்கு, 49 வீதம் சேர்பியக் குடியரசுக்கு. ஸ்ரெப்ரெனிட்ஸா அந்த 49க்குள் போயிற்று. சரயேவோ பிளவுபடாமல் கிடைத்தது. இது நீதியான சமாதானமாக இல்லாதிருக்கலாம், ஆனால் போரைத் தொடர்வதைவிட நீதியானது என்ற கருத்தை அவர் சபையிலேயே சொன்னார். டிசம்பர் 14இல் பாரிஸில் கையொப்பமிட்டார். ஏறத்தாழ ஒரு இலட்சம் உயிர்களும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் இடப்பெயர்வும் அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்தன.

அந்தக் கையொப்பத்தை எப்படி மதிப்பிடுவது? கோழைத்தனம் என்று சொன்னவர்கள் அவரது நாட்டிலேயே இருந்தார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. போரைத் தொடரும் தலைவனுக்குக் கைதட்டல் நிச்சயம். அடுத்த வருடம் மரணிக்க வேண்டிய பிள்ளைகள் யார் யாரென்று அப்போது எவருக்கும் தெரியாதே. போரை நிறுத்துபவன் காப்பாற்றிய பிள்ளைகளும் அப்படித்தான், முகம் தெரியாதவர்கள். அவர்கள் வந்து நன்றி சொல்லப்போவதில்லை. அவன் விட்டுக்கொடுத்த ஊர்களோ பெயரோடு படத்தில் இருக்கின்றன, எல்லாக் காலத்துக்கும்.

1996இல் இருதய நோயால் படுத்தார். 2000 ஒக்டோபரில் பதவி விலகினார். 2003 ஒக்டோபர் 19இல் மரணித்தார். அவரைப் பற்றியும் விசாரணை நடந்துவந்ததாக ஹேக் தீர்ப்பாயம் சில நாட்களில் அறிவித்தது. மரணத்தோடு அது முடிவடைந்தது. கோவாச்சி மையவாடியில், போரில் மரணித்த படையினரின் வெண்ணிற மீசான் கற்களுக்கு நடுவே அடக்கப்பட்டார். அவரது மகன் பாக்கிர் பிற்காலத்தில் அதே ஜனாதிபதி சபையில் அமர்ந்தார். வாரிசு அரசியல் நமக்குத் தெரியாத சங்கதியா என்ன!

டேய்ட்டன் நிறுத்திய போர் திரும்பி வரவில்லை. ஆனால் அது வகுத்த கோடுகள் பாடசாலைக்குள்ளும் புகுந்தன. கூட்டாட்சிப் பகுதியின் பல ஊர்களில் ‘ஒரே கூரையின் கீழ் இரு பாடசாலைகள்’ என்ற முறை வந்தது. ஒரே கட்டடம், பொஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், குரோஷியப் பிள்ளைகளுக்கு இன்னொன்று, சில இடங்களில் காலையில் ஒரு சாரார், மாலையில் மறு சாரார். வரலாற்றுப் பாடம் இரண்டு. முற்றுகைக்குள் மாடிப்படியில் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்திப் படிப்பித்த நாட்டில் சமாதான காலத்தில் இப்படி நடந்தது. யஜ்ட்ஸே என்ற சிற்றூரில் உயர்தரப் பாடசாலையையும் இவ்வாறு இன அடிப்படையில் பிரிக்க அதிகாரிகள் திட்டமிட்டபோது, 2016இலும் 2017இலும் அப்பாடசாலை மாணவர்கள், பொஸ்னியாக்கும் குரோஷியரும் சேர்ந்தே, வீதிக்கு வந்து மறுத்தார்கள். போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் அவர்கள். திட்டம் கைவிடப்பட்டது.